மூன்றாவது கியரில் ஓர் உறுமல்

“இப்படித்தாண்ணே வருது… ங்ர்ர்ர்ர்… ரூம்!”

மனைவி தொண்டையைச் செருமிக்கொண்டு மெக்கானிக்கிடம் செய்து காட்டிய வேகத்தில், பக்கத்து வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்த்த ஆள் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்.

“அவ்வளவு மோசம் இல்லைண்ணே. இவ எதையும் ஊதிப் பெருசாக்குவா,” என்று கணவர் குறுக்கே விழுந்தார்.

“நீங்க சும்மா இருங்க! அண்ணே, இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள சத்தம் நிக்கணும். இல்லேன்னா வண்டியை எங்க அண்ணனுக்குக் குடுத்துடறதுன்னு வீட்டுல முடிவு பண்ணியாச்சு.”

வீட்டில் முடிவு என்றால் அவள் முடிவுதான். கணவர் வண்டியைத் தடவிக்கொடுத்தார். இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டி ஓய்ந்தபின் ஆசை ஆசையாக வாங்கிய ஆட்டோமேட்டிக் கார். கிளட்ச் மிதிக்க வேண்டாம், கியர் போட வேண்டாம், எல்லாம் வண்டியே பார்த்துக்கொள்ளும். அதைப் போய் மச்சானிடம் கொடுப்பதா? ஒரு சைக்கிளைக்கூட உருப்படியாக வைத்துக்கொள்ளத் தெரியாத மனுஷன்!

“எப்பப்ப வருது?” என்றார் மெக்கானிக்.

“கியர் தானா மாறுதில்லையா, அப்பல்லாம். மூணாவதுக்குப் போறப்ப ரொம்ப ஜாஸ்தி,” என்றாள்.

மெக்கானிக் கியர் ஆயிலைப் பார்த்தார். அளவு சரி. மோந்தும் பார்த்தார். கருகல் வாடை இல்லை. கம்ப்யூட்டரை மாட்டினார். அதுவும் குறை ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் இருவரையும் பின்னால் ஏற்றிக்கொண்டு தானே தெருவை மூன்று சுற்று சுற்றினார். வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று.

“சத்தமே இல்லையேம்மா?”

“அதெப்படி? நகருங்க, நான் ஓட்டுறேன்.”

அவள் ஓட்டியபோதும் வண்டி மூச்சுக் காட்டவில்லை.

“பார்த்தீங்களா, ஆளைப் பார்த்துத்தான் கத்துது! இவரு ராசி அப்படி.”

“ராசியாவது மண்ணாவது, தள்ளு!” கணவர் முகம் சிவக்க ஸ்டியரிங்கைப் பிடித்தார். மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டி தெருமுனை தாண்டி வேகம் எடுத்ததுதான் தாமதம்.

ங்ர்ர்ர்ர்… ரூம்!

“கேட்டுச்சா? கேட்டுச்சா?” பின் சீட்டிலிருந்து மனைவி குதித்தாள்.

மெக்கானிக் ஆடிப்போய்விட்டார். “முப்பது வருஷத்துல இப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லைம்மா. கியர்பாக்ஸை இறக்கித்தான் பார்க்கணும். பத்து நாளாவது ஆகும்.”

“பத்து நாளா? எங்க அண்ணனுக்கே போன் பண்ணிடறேன்.”

“அண்ணே, இன்னும் ஒரே ஒரு ரவுண்டுண்ணே!” கணவர் கெஞ்சினார். கட்டிய வீட்டை விட்டுக் கொடுப்பது போல இருந்தது அவருக்கு.

மெக்கானிக் மனம் இரங்கினார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, காதைக் கியர் லீவரிடம் கொண்டுபோனார். ங்ர்ர்ர்ர்… ரூம்! அங்கே இல்லை. ரேடியோ பக்கம் வைத்தார். அங்கேயும் இல்லை. ஸ்டியரிங் அருகில் வைத்தார். கிட்டே வந்த மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்சம் மேலே போனார். சட்டென்று கண்ணைத் திறந்தார்.

“மெதுவா போங்க சார். பேசாதீங்க,” என்றார். அடுத்த கியர் மாறும் நேரம் பார்த்து, கையை நீட்டிக் கணவரின் வாயைப் பொத்தினார்.

சத்தம் நின்றுவிட்டது.

“வண்டியை நீங்க எடுத்துட்டுப் போங்கம்மா,” என்றார் மெக்கானிக், பொத்திய கையை எடுக்காமலே. “இவரை மட்டும் எங்கிட்ட விட்டுட்டுப் போங்க, பார்த்துச் சொல்றேன்.”