சங்கத்துச் சவர்க்காரம்

காலையில் எழுந்து கிணற்றடியில் முகம் கழுவினேன். வெறுந்தேத்தண்ணீர் குடித்தேன். குடித்த தகரப் பேணியை அலசி, அப்படியே கையில் எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனேன்.

அங்கே நான் செய்த கருவி நின்றது. ஒரு பழைய டீசல் பரல், அடியில் குழாய், உள்ளே கிளறுவதற்குச் சைக்கிள் பெடல். கடற்றொழிலாளர் சங்கம் வீடு வீடாகச் சேர்த்துத் தந்த தேங்காயெண்ணெயை அதில் ஊற்றிச் சூடாக்கினேன். அடுப்பை அணைத்தேன். பேணியால் ஸ்பிரிட்டை அளந்து, கோஸ்டிக் சோடாவைக் கரைத்து ஊற்றிப் பெடலை மிதித்தேன்.

மத்தியானம் சங்கத் தலைவர் இரத்தினசிங்கம் அண்ணை வந்தார். சம்பூருக்கு டீசல் வருவது நின்றதிலிருந்து, வள்ளத்து எஞ்சினை ஓட்ட அவர் இந்தப் பரலில் வரும் எண்ணெயைத்தான் நம்பியிருந்தார்.

"தம்பி, இண்டைக்கெண்டாலும் எண்ணெய் சரிவந்ததோ?"

குழாயைத் திறந்தேன். வெள்ளைக் கூழ் வந்தது.

"திரும்பவும் சவர்க்காரம்." விரலால் தொட்டுப் பார்த்தார். "சோத்துக்கு வழியில்லாட்டியும் ஊர்ச் சனம் இதைப் போட்டு முழுகி வெள்ளை வெளேரெண்டு திரியுது. இனி எஞ்சினையும் முழுக வாக்கவேண்டியதுதான்."

அவரே சிரித்தார். அது நீடிக்கவில்லை.

"யோகராணிக்கு இந்தக் கிழமை நாள். பிள்ளை குறுக்கால கிடக்குதாம். சண்டையால தரைப்பாதை பூட்டு. மிச்சமிருக்கிற வள்ளத்தில குடாவைத் தாண்டிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் என்ர மகள் தப்புவாள்."

"விளங்குது அண்ணை."

"எங்க பிழைக்குது? நீர் கம்பசில கெமிஸ்ட்ரி படிச்சனீர்தானே?"

"தண்ணி பட்டால் சவர்க்காரமாப் போயிடும். எண்ணெயில ஈரம் இருக்குப்போல."

"அப்ப முதல்தரம் மட்டும் கண்ணாடி மாதிரி வந்ததே. ஒரு சுத்திலயே எஞ்சின் ஸ்டார்ட் வந்ததே."

நான் குழாயை மூடினேன். கேட்டிருக்கக் கூடாது என்பதுபோல் அவர் நிலத்தைப் பார்த்தார்.

"நாளைக்கும் ஒருக்காச் செய்து பாரும், தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல்தரம் வந்த எண்ணெயில் ஓடிய வள்ளம், என் மனைவி தேவமலரைக் கிளினிக்குக்கு ஏற்றிச் சென்றது. நடுக்குடா வரை எஞ்சின் நன்றாக ஓடியது. கரையில் நின்று கேட்டேன். பிறகு ஷெல் வெடித்த சத்தம் கேட்டது. வள்ளமும் வரவில்லை, அவளும் வரவில்லை.

மறுநாள் காலையிலும் முகம் கழுவினேன். தேத்தண்ணீர் குடித்தேன். எண்ணெய் சரிவந்தால் வள்ளம் ஓடும். வள்ளம் ஓடினால் யோகராணி ஏறுவாள்.

பேணியை அலசினேன். அடியில் கொஞ்சம் தண்ணீர் நின்றது. அப்படியே கொட்டிலுக்குக் கொண்டுபோனேன்.

அன்று வள்ளத்தில் ஏறிய பிறகு, தேவமலர் திரும்பிப் பார்த்துக் கடைசியாகச் சொன்னாள்:

"பேணியைத் துடைச்சு வைச்சிருக்கிறன், ஈரம் பட விடாதேங்கோ."