ஒட்டிய கை

அருளப்பன் ஆய்வுக்கூடத்தில் தயாரிக்கும் புரதம், மனிதச் செல்லை மனிதச் செல்லோடு ஒட்டவைப்பது. ரத்தம் பட்டால்தான் பிடிக்கும், பிடித்தால் விடாது. அங்கேயே மருந்துத் தண்ணீரில் கை கழுவிவிட்டுக் கிளம்ப வேண்டும். அவன் கழுவுவதே இல்லை.

அன்றும் வாசலிலேயே மனைவி ஜெசிந்தா கேட்டாள்: "கை கழுவினீங்களா?"

"எனக்கே சொல்லித் தர்றியாடி?"

முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். தோல் கிழிந்து ரத்தம் வழிந்த கன்னத்தில் ஓங்கி அறைந்தான். கை திரும்பி வரவில்லை. வெறிகொண்டு இழுத்தான், அவள் சதையும் கூடவே இழுபட்டது. இருவரும் சேர்ந்தே அலறினார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தொட்டுப் பார்த்தார். "ரெண்டும் ஒரே தோலாயிடுச்சு. வெட்டித்தான் பிரிக்கணும். இவங்க கன்னம் போகணும், இல்லன்னா உங்க கை போகணும்."

"நான் இவ புருஷன், நான் சொல்றேன். கன்னத்தை எடுங்க."

"அப்ப கையெழுத்துப் போடுங்க" என்று நர்ஸ் பேனாவை நீட்டினாள்.

அவன் வலது கை ஜெசிந்தாவின் முகத்தில் ஒட்டியிருந்தது. அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள்.

"கையை எடுத்துடுங்க டாக்டர். என் கன்னம் ஏற்கெனவே நெறையப் பட்டுடுச்சு."