காலர் மைக்

“துணியெல்லாம் எடுத்து உள்ள போட்டியாடா? மழை வர்ற மாதிரி இருக்கு.”

உதடு அசையாமல்தான் கேட்டான் நாயகன். ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில், தரையில் டேப் ஒட்டிக் குறித்திருந்த இடத்தில் நின்றுகொண்டு கேட்டான். லைட்மேன்கள் ஏணியில் ஏறி விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். டைரக்டர் தூரத்தில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

“சட்டையெல்லாம் எடுத்துட்டேன். போர்வைய மறந்துட்டேன்,” என்றான் எதிரில் நின்றவன்.

தொடரில் நாயகன் மேனேஜர். எதிரில் நின்றவன் அவனுக்குக் கீழே வேலை பார்க்கும் கிளார்க். ஒரே அலுவலகத்தில் இரண்டு ஆண்கள் காதலிக்கும் கதை. அடுத்த ஷாட்டில் மேனேஜர், கிளார்க்கின் கழுத்தில் கோணலாகத் தொங்கும் அடையாள அட்டையைச் சரிசெய்துவிட்டு, நீ இல்லாமல் எனக்கு இந்த ஆபீஸே வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

அதை ஊரே கேட்கச் சொல்லலாம். கைதட்டல்கூடக் கிடைக்கும்.

போர்வை சமாசாரம் அப்படியில்லை.

அது உறைத்ததும் நாயகனின் கை தானாகச் சட்டைக் காலருக்குப் போனது. மைக் அங்கேதான் இருந்தது.

கேமரா ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்த மிளகளவு மைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். கேட்டதெல்லாம் மெமரி கார்டில் பதிவாகும். சாயங்காலம் அந்தக் கார்டு எடிட்டிங்குக்குப் போகும். அங்கே நாலு பேர் உட்கார்ந்து கேட்பார்கள். இது அவனுக்குத் தெரியாததில்லை. ஜன்னல் வழியாக மேகத்தைப் பார்த்த நேரத்தில் மறந்து தொலைத்துவிட்டான்.

மெதுவாகத் தலையைத் திருப்பினான்.

ஹாலின் கடைசியில் உட்கார்ந்திருந்த சவுண்டுக்காரர், ஹெட்போனை ஒரு கையால் காதோடு அழுத்திப் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐம்பதைத் தாண்டிய மனிதர். அவர் சிரித்து யூனிட்டில் யாரும் பார்த்ததில்லை. அதுகூடப் போகட்டும், தயாரிப்பாளருக்கு மச்சான் முறை. அவர் காதில் விழுவது எதுவானாலும் தயாரிப்பாளர் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்குப் போய்விடும் என்று எல்லோரும் பேசிக்கொள்வார்கள்.

தயாரிப்பாளர் முதல் நாளே பட்டென்று சொல்லிவிட்டார். நடிக்கிற இரண்டு பேரும் நிஜத்தில் அந்த மாதிரி ஆட்கள் இல்லை, அதைச் சொல்லித்தான் தொடரை விற்கப் போகிறேன், வேறு பேச்சு வந்தால் ஆளை மாற்றிவிடுவேன் என்று.

வேலை போனால் போகிறது. அம்மா என்ன செய்வாள்? அவன் நடிக்கத்தானே செய்கிறான் என்ற ஒரே வார்த்தையை வைத்துச் சொந்தக்காரர்கள் வாயையெல்லாம் அடைத்துக்கொண்டிருக்கிறாள். நடிப்போடு நிற்கிற வரைக்கும்தான் நீ எனக்குத் தம்பி என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். சொன்னால் செய்கிற ஆள் அவன்.

டைரக்டர் ரெடி சொன்னார். சவுண்டுக்காரர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எழுந்தார். மேஜைகளுக்கு நடுவே நடந்து வந்தார். வழியில் ஒரு நாற்காலி குறுக்கே கிடந்தது. அதை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு வந்தார். அந்த மனிதருக்கு அவசரமே இல்லை.

கிளார்க்குக்கும் விளங்கிவிட்டது. மேக்கப்பையும் மீறி அவன் முகம் வெளுத்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்தால் அதுவும் பதிவாகிவிடும் என்று பயந்தவர்களைப் போல ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ரிகர்சல் என்று சொல்லிவிடலாமா? எந்த வசனத்திலும் போர்வை கிடையாது, அந்த மனிதருக்கு வசனமெல்லாம் மனப்பாடம். ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம் என்று சொல்லலாமா? செட்டில் பார்த்துக்கொள்வதோடு சரி, வெளியே பழக்கமே இல்லை என்று போன வாரம்தான் இருவரும் பேட்டி கொடுத்திருந்தார்கள்.

பேசாமல் காலில் விழுந்துவிடலாமா என்றுகூட நாயகனுக்குத் தோன்றியது.

அதற்குள் வந்துவிட்டார். இப்போது என்ன என்று டைரக்டர் அங்கிருந்தே சலித்துக்கொண்டார்.

“மைக் சட்டையில உரசுது சார்,” என்று திரும்பிப் பார்க்காமலே உரக்கச் சொன்னார் சவுண்டுக்காரர்.

உரசவில்லை. நாயகன் மூச்சுவிடக்கூட மறந்து நின்றிருந்தான்.

அவர் முதலில் கிளார்க்கின் பின்பக்கம் போய், சட்டையைத் தூக்கி, இடுப்பில் செருகியிருந்த மைக் பெட்டியை எதுவோ செய்தார். ‘டக்’ என்று ஒரு சின்னச் சத்தம். பிறகு நாயகனிடம் வந்தார். அவன் இடுப்பிலும் ‘டக்’ என்று கேட்டது.

பிறகு நாயகனின் விரலைப் பிடித்து, பின்பக்கமாக இழுத்து, அந்தப் பெட்டியின் ஓரத்தில் வைத்தார்.

“இதுதான் ஸ்விட்ச், தம்பி,” என்றார் தணிந்த குரலில். “மொத நாள்லேருந்து தினமும் உங்க பேச்ச வெட்டிட்டுத்தான் கார்டக் குடுத்தனுப்புறேன். எனக்கும் வயசாவுது. ஒருநாள் விட்டுப்போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?”

அன்று படப்பிடிப்பு தொடங்கி நாற்பத்தொன்றாவது நாள்.