அறுபத்து மூன்றாம் பக்கம்

ஒசாகாவின் அந்தக் காமிக்ஸ் கடையில் எல்லாப் புத்தகத்துக்கும் பாலித்தீன் உறை உண்டு. புரட்டிப் பார்க்க முடியாத வாசகருக்கு ஆசை காட்டுவது ஊழியர்கள் கையால் எழுதி வைக்கும் அட்டைகள்தான். விற்காமல் கிடந்த ஒரு புத்தகத்தின் ஒரே பிரதிக்கு, படிக்காமலேயே மிசுஸு எழுதி வைத்தாள்: 'அறுபத்து மூன்றாம் பக்கத்தில் அழுதுவிட்டேன்.'

மறுநாள் அதன் கீழே யாரோ 'நானும்' என்று எழுதியிருந்தார்கள். வாரக் கடைசிக்குள் அட்டை முழுக்க 'நானும்', விதவிதமான கையெழுத்துகளில். புத்தகம் மட்டும் விற்கவில்லை, உறையும் பிரியவில்லை.

"அப்படி என்னம்மா இருக்கு அந்தப் பக்கத்துல?" என்றார் முதலாளி குராதா.

"சொல்லிட்டா அப்புறம் யாருங்க வாங்குவாங்க?" என்று சமாளித்தாள்.

அவர் நகர்ந்ததும் உறையைக் கிழித்தாள். பக்கங்கள் மொடமொடவென்று புதுசாகப் புரண்டன. அறுபத்து மூன்றாவது மட்டும் ஈரமாக விரலில் ஒட்டியது.