மூஞ்சூற்றின் நிறம்

"வாடை நம்ம கூடவே பிறந்தது, அதை..." என்று பெரிய மாமா ஏதோ சொல்வார். மீதி மூஞ்சூற்றுக்கு மறந்துவிட்டது. அதனால் மணங்களை வர்ணமாக்கித் தரும் பச்சோந்தியிடம் போனது.

"நாளைக்கு அணில் வீட்டுக் கல்யாணம். என் நாற்றத்துக்காக யாரும் என்னைப் பந்தியில் உட்கார விடுவதில்லை. அதை அழகா வரைஞ்சு தாங்க."

பச்சோந்தி மூக்கைப் பொத்திக்கொண்டே கத்தரிப்பூ நிறத்தில் தீட்டி, ஓரத்தில் சந்தன மஞ்சளும் பூசிக் கொடுத்தது.

கல்யாணப் பந்தலில் படத்தைச் சுற்றி ஒரே கூட்டம். பெண்ணின் அப்பா அணில் கண்ணை மூடி அதை முகர்ந்தார். "அடடா, என்ன வாசனை." பிறகு மூஞ்சூற்றிடம், "தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. படத்தோட மணம் கெடுது" என்றார்.

காலியாக இருந்த ஓர் இலையின் முன்னால் படத்தை உட்காரவைத்துவிட்டு, மூஞ்சூறு வீட்டுக்குக் கிளம்பியது.