பின்சீட்டின் மைலேஜ்

பழைய வண்டிச் சந்தையில் வாங்கிய அந்த ஹைபிரிட் வேன், ஒவ்வொரு பயணம் முடிந்ததும் எந்தச் சீட்டால் எவ்வளவு பெட்ரோல் கூடுதலாகச் செலவானது என்று உரக்கச் சொல்லும். அந்தக் குரலை நிறுத்தத் திருமாறனுக்கு வழி தெரியவில்லை.

அக்கா கோமதியை வாரம் மூன்று முறை தாராபுரத்திலிருந்து திருப்பூருக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகத்தான் அந்த வண்டியையே வாங்கினான். போகும்போது அவள் உடம்பில் நீர் கோத்திருக்கும், லிட்டருக்குப் பத்தொன்பது கிலோமீட்டர். திரும்பும்போது மூன்று கிலோ இறங்கியிருப்பாள், இருபது.

"உன்ற வண்டி என்னையப் பருத்தி மூட்டையாட்ட எடை போடுது கண்ணு" என்று சிரிப்பாள்.

ஒரு வியாழக்கிழமை அவள் கிளம்பவில்லை.

"இன்னைக்கு வேண்டாஞ் சாமி. ஒடம்பு லேசாத்தான் இருக்குது."

முகம் வீங்கியிருந்தது. ஆனாலும் அவன் நம்பினான். கடை வேலையாகத் தனியே திருப்பூர் போய்வந்தான். திரும்பி வந்தபோது வழக்கம்போல அக்காதான் கேட்டைத் திறந்தாள்.

"லிட்டருக்கு இருபத்திரண்டு. பின்சீட்டு காலி. இதுவரை இல்லாத சிக்கனம், வாழ்த்துகள்" என்றது வேன்.

"அப்பாடா!" என்றான் திருமாறன், தன்னையறியாமல்.

கோமதி கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே போனாள்.

சனிக்கிழமை காலை அவன் பின்கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தான். அவள் மெல்ல நடந்து வந்து அந்தக் கதவைச் சாத்தினாள். பிறகு கேட்டை அகலத் திறந்து, வண்டிக்கு வழிவிட்டு ஓரமாக நின்றுகொண்டாள்.

"நீ போய்ட்டு வா, கண்ணு."