ஒன்றையும் விடாத காவல்

ஒரு கணினிக்குள் புதிதாக வேலைக்குச் சேர்ந்த காவல் நிரலுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். எந்தக் கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும், "அண்ணே, மாறிடுச்சு" என்று நகல் நிரலிடம் ஓடிப்போய்ச் சொல்லும். அது உடனே அந்தக் கோப்புக்குப் புது நகல் எடுத்து வைக்கும்.

ஒரு மத்தியானம் ஆயிரக்கணக்கான கோப்புகள் ஒரே மூச்சில் மாறின. காவல் நிரல் விழுந்தடித்து ஓடியும் சில கைநழுவிப் போயின. எவை என்று அதற்கே தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனாலும் நகல் நிரலிடம் போய்ச் சொல்லிவிட்டது.

"அண்ணே, சிலதை விட்டுட்டேன். எதுன்னு தெரியல. எல்லாத்தையும் ஒரு தடவை திறந்து பார்த்திடுங்க."

"உனக்கு முன்னால இருந்தவன் ஒருநாள்கூட இப்படி வந்து நின்னதில்ல. இது முடியட்டும், உன்னை வெளியே அனுப்பிடறேன்" என்று கடுகடுத்த நகல் நிரல், ஒவ்வொரு கோப்பையும் திறந்து தன் நகலோடு ஒப்பிட்டது.

அன்றைக்கு விட்டுப்போனவை கொஞ்சம்தான். ஆனால் மாறியும் நகலெடுக்கப்படாத வேறு கோப்புகள் வந்துகொண்டே இருந்தன.

"இதெல்லாம் எப்படா மாறிச்சு?" என்று கேட்டது நகல் நிரல்.

காவல் நிரல் தேதிகளைப் பார்த்தது.

"நான் வர்றதுக்கு முன்னாடிண்ணே."